யாரிடம் கேட்டார்கள், என்ன கேட்டார்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நடக்கவிருக்கும் பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் வாசித்துவிட்டு வாருங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய பிள்ளைகளும் வாசியுங்கள். உங்கள் காசைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான்கு நாளாக நமது வட்ஸ்அப் குழுமத்தில் ஒரே சண்டை. பாடசாலைக்குப் புதிய இணையத்தளம் செய்வது என்று முடிவாகிவிட்டது. எதில் செய்வது என்பதுதான் பிரச்சினை. ஒரு பக்கம் வேர்ட்பிரஸ் கட்சி, மறுபக்கம் ட்ரூப்பல் கட்சி. நடுவில் ஒருவர் ஜூம்லா என்றார். அவரை இரண்டு பக்கமும் சேர்ந்து அடக்கிவிட்டார்கள்.

செவ்வாய் இரவு ஒரு தம்பி ஒரு ஸ்கிரீன்ஷொட் போட்டார். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற தளம் 2020 இல் உலகம் முழுவதும் சுமார் 65,000 மென்பொருள் உருவாக்குநர்களிடம் நடத்திய கருத்துக்கணிப்பு அது. பாவிக்கிறவர்களே அஞ்சும் மேடைகளின் பட்டியலில் வேர்ட்பிரஸ் முதலிடம். அதில் வேலை செய்கிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அந்தக் கணக்கில் வருகிறார்கள். "உலகத்துல உள்ள டெவலப்பர்மாரெல்லாம் வெறுக்கிற சாமானுக்கு நாம ஏன் காசு குடுக்கணும்?" என்று கீழே எழுதியிருந்தார். அதோடு குழுமம் அடங்கிவிட்டது. பிறகு ஒருவர், "சேர், நீங்கதானே ஐ.சி.டி. படிப்பிக்கிற, ஒரு முடிவச் சொல்லுங்க" என்று என்னை இழுத்துவிட்டார்.

சொல்கிறேன். அதற்கு முன் நான் தீர்க்க வேண்டிய ஒரு பழைய கடன் இருக்கிறது.

2010 இல் நமது பாடசாலைக்கு ஒரு தளம் இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதையும் இந்த மூன்றில் ஒன்றில்தான் செய்தோம். எதில் என்று சொல்லமாட்டேன், பிழை அதனுடையதல்ல. அன்று கூட்டத்தில் எழும்பி, "ஒப்பீட்டு அட்டவணையில் பார்த்தேன், இதுதான் திறம்" என்று அடித்துப் பேசியவன் நான். செய்து தந்த பிள்ளை கெட்டிக்காரன், ஒரு சதம் வாங்கவில்லை. இரண்டு வருடத்தில் அவனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. போகும்போது கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதித் தந்து, "சேர், இத ஒழுங்கா அப்டேட் பண்ணணும்" என்றான். நான் தலையாட்டினேன். அந்தத் தாள் ஒபிஸ் அலுமாரியில் எந்தக் கோப்புக்குள் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு நாள் தரம் 10 வகுப்பில் புரொஜெக்டரைப் போட்டு, "இதுதான் நமது பாடசாலைத் தளம்" என்று திறந்தேன். பிள்ளைகளுக்கு முன்னால் சூதாட்ட விளம்பரம் வந்து நின்றது. காலஞ்சென்ற நமது அதிபரின் படங்கள், எழுபதுகளின் ஆசிரியர் குழாம் படங்கள், நமது ஊரிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவர்களின் பெயர்ப்பட்டியல், எல்லாம் அதற்குள்தான் இருந்தன. பேக்கப் இல்லை. ஸ்கேன் செய்யத் தந்த மூலப்படங்களில் சிலவும் திரும்பிப் போகவில்லை. அந்தக் குடும்பங்களிடம் இன்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆகவே இந்த முறை ஒரு அட்டவணையை நீட்டி யாராவது முடிவு எடுக்கச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயம் வருகிறது. அதனால்தான் அந்த ஸ்கிரீன்ஷொட்டை உட்கார்ந்து ஆறுதலாக வாசித்தேன்.

விடயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பெல்லாம் தளத்தில் ஒரு வரி மாற்ற வேண்டும் என்றாலும் அதை எழுதிய ஆளைத் தேட வேண்டும். உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்பது அந்தத் தொல்லையைப் போக்க வந்தது. தளத்தின் கட்டடம் ஒரு பக்கம், நாம் போடும் செய்தியும் படமும் இன்னொரு பக்கம். அறிவித்தல் பலகையைத் தச்சன் செய்து மாட்டிவிட்டால், அதில் தாளை மாற்ற ஒவ்வொரு முறையும் தச்சனைக் கூப்பிடத் தேவையில்லை அல்லவா, அதுபோல.

இந்த மூன்றும் திறந்த மூல மென்பொருட்கள். மென்பொருளுக்குக் காசு இல்லை, உள்ளே இருக்கும் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். ட்ரூப்பல் 2001 இல் வந்தது. பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப் நகரில் படித்த ட்ரீஸ் பைட்டேர்ட் என்ற மாணவர் தன் விடுதி நண்பர்களுக்காகச் செய்த தகவல் பலகையிலிருந்து வளர்ந்தது. டச்சு மொழியில் "கிராமம்" என்று பொருள்படும் சொல்லைத் தளத்துக்குப் பெயராக வைக்கப் போய், எழுத்துத் தவறி "துளி" என்று ஆகிவிட்டதாம். அந்தத் துளிதான் ட்ரூப்பல். வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் மெட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் கைவிடப்பட்ட ஒரு பழைய மென்பொருளை எடுத்துத் திருத்தியதில் பிறந்தது. ஜூம்லா 2005 இல் மாம்போ என்ற முறைமையிலிருந்து பிரிந்து வந்தது. அந்தப் பெயர் நம் காதுக்குப் பழகிய சொல்தான். "எல்லாரும் சேர்ந்து" என்ற சுவாஹிலிச் சொல்லிலிருந்து எடுத்தார்கள், சுவாஹிலிக்கு அது அரபு "ஜும்லா"விலிருந்து போனது.

இனி கருத்துக்கணிப்புக்கு வருவோம்.

முதலாவது, என்ன கேட்டார்கள்? "நீங்கள் இதை வெறுக்கிறீர்களா?" என்று எவரிடமும் கேட்கவில்லை. கடந்த வருடம் எதில் வேலை செய்தீர்கள், அடுத்த வருடம் எதில் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு வேர்ட்பிரஸைத் தெரிவு செய்து, இரண்டாவதில் தெரிவு செய்யாமல் விட்டவர்களை எல்லாம் கூட்டி "அஞ்சுகிறவர்கள்" என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் அந்த நிறுவனமே இந்தச் சொல்லைக் கைவிட்டு, 2023 இலிருந்து "வியக்கப்படுவது, விரும்பப்படுவது" என்று தலைப்பை மாற்றிக்கொண்டது.

நமது சந்தியில் த்ரீவீல் ஓட்டும் தம்பிமாரிடம் போய், "அடுத்த வருசம் எதை ஓட்ட விருப்பம்?" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் த்ரீவீல் என்பார்கள்? வேன் என்பார்கள், கார் என்பார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு, "த்ரீவீல் கூடாத வாகனம், ஓட்டுகிறவர்களே அஞ்சுகிறார்கள்" என்று எழுதினால் சிரிக்கமாட்டீர்களா? உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரவு இரண்டு மணிக்கு நமக்குக் கிடைப்பது அதுதான். டயர் வெடித்தால் எந்தச் சந்தியிலும் ஆள் இருக்கிறது.

இரண்டாவது, எதை எதோடு ஒப்பிட்டார்கள்? இதைத்தான் தம்பி கவனிக்கவில்லை. அந்தப் பட்டியலில் வேர்ட்பிரஸுக்குப் பக்கத்தில் இருந்தவை லினக்ஸ், டொக்கர் போன்றவை. ட்ரூப்பல் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதை வலைச் சட்டகங்கள் என்ற வேறொரு பட்டியலில் போட்டிருந்தார்கள், அங்கே அதுவும் அடிமட்டத்துக்குக் கிட்டத்தான் கிடந்தது. ஜூம்லாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆக, ட்ரூப்பலை விட வேர்ட்பிரஸ் மோசம் என்பதற்கு அந்தப் படத்தில் சான்று எதுவும் இல்லை. தமிழ்ப் பாடப் புள்ளியையும் உயரம் பாய்தல் அளவையும் வைத்து இரண்டு பிள்ளைகளை ஒப்பிட முடியாது.

மூன்றாவது, யாரிடம் கேட்டார்கள்? நிரல் எழுதுகிறவர்களிடம். அதுவும் பெரும்பாலும் அந்தத் தளத்துக்கு வந்து போகிறவர்களிடம். பதில் சொன்னவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆண்கள். நமது தளத்தில் நாளை செய்தி போடப்போகிறவர்கள் யார்? மூன்று ஆசிரியைமார், ஒபிஸில் இருக்கும் இலிகிதர், உயர்தரம் படிக்கும் இரண்டு பிள்ளைகள். இவர்களைப் போன்றவர்களின் குரல் அந்தக் கணக்கில் ஏற வழியில்லை.

இதற்காக உருவாக்குநர்களின் கருத்தைத் தூக்கி வீசச் சொல்லவில்லை. அவர்கள் சலித்துக்கொள்வதற்கு நியாயம் இருக்கிறது. வேர்ட்பிரஸ் 2003 இல் தொடங்கிய பழைய நிரலை இன்னும் சுமந்துகொண்டு போகிறது. பழைய தளம் உடையக்கூடாது என்பதற்காகப் பழையதைக் கழிக்காமல் வைத்திருக்கிறார்கள். சுத்தமாக எழுத விரும்பும் ஒருவருக்கு அது தலையிடிதான். ட்ரூப்பல்காரர்கள் துணிந்து வேறு வழி போனார்கள். 2015 இல் வந்த எட்டாவது பதிப்பை நவீன முறையில் அடியோடு மாற்றி எழுதினார்கள். உருவாக்குநருக்கு அது நல்ல செய்தி. ஆனால் ஏழாவது பதிப்பில் தளம் வைத்திருந்தவர்கள் எட்டுக்கு மாறுவது, வீட்டை உடைத்துப் புதிதாகக் கட்டுவது போல ஆயிற்று. மாற முடியாமல் நின்றவர்களுக்காக ஏழாம் பதிப்பின் ஆதரவுக் காலத்தைத் திரும்பத் திரும்ப நீடித்து, கடைசியில் 2025 ஜனவரி 5 ஆம் திகதிதான் முடித்தார்கள். ஜூம்லாவிலும் 1.5 இலிருந்து அடுத்த பதிப்புகளுக்குப் போனவர்கள் இதே பாடுதான் பட்டார்கள்.

உருவாக்குநருக்குச் சலிப்பைத் தரும் அதே குணம், கவனிப்பார் இல்லாத ஒரு சின்னப் பாடசாலைத் தளத்தை உயிரோடு வைத்திருக்கிறது. கேள்வி யாருடையதோ பதிலும் அவருக்குத்தான் பொருந்தும் என்பது இதுதான்.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன். 2014 ஒக்டோபரில் ட்ரூப்பல் ஏழில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. திருத்தத்தை வெளியிட்ட பிறகு அந்தக் குழு நேர்மையாக ஓர் எச்சரிக்கை விட்டது. அறிவித்து ஏழு மணித்தியாலத்துக்குள் திருத்தத்தைப் போடாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டுவிட்டன என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றது. ஏழு மணித்தியாலம்! நமது தளத்தை ஏழு மாதமாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேர்ட்பிரஸ் 2013 இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து சிறிய பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே போட்டுக்கொள்கிறது. நம்மைப் போன்ற மறதிக்காரருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தவனுக்குத்தான் விளங்கும்.

வேர்ட்பிரஸ் கட்சிக்காரர்களே, நீங்களும் அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம். "உலகத் தளங்களில் 43 வீதம் வேர்ட்பிரஸ்" என்று நீங்கள் போட்ட படமும் முழுக் கதை சொல்லவில்லை. அது டபிள்யூ3டெக்ஸ் என்ற அமைப்பின் கணக்கு. ஆட்களிடம் கேட்பதில்லை, கணினி தளங்களைப் பார்த்து எண்ணுகிறது. எத்தனை தளங்கள் என்பதை அது காட்டும். அவற்றை யார் பராமரிக்கிறார்கள், எத்தனை கைவிடப்பட்டுக் கிடக்கின்றன என்பதைக் காட்டாது. ஊடுருவிகளும் அதே 43 வீதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேர்ட்பிரஸில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளில் மிகப் பெரும்பாலானவை ப்ளகின் எனப்படும் மேலதிகத் துணுக்குகளில்தான் இருக்கின்றன. அழகுக்கு ஒன்று, ஸ்லைடருக்கு ஒன்று என்று முப்பதைப் போட்டுவிட்டால் முப்பது கதவுகளைத் திறந்து வைத்த வீடுதான்.

இன்னொன்று, 2024 செப்டெம்பரில் முல்லன்வெக்குக்கும் டபிள்யூ.பீ. எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் பெரிய தகராறு வந்து நீதிமன்றம் வரை போனது. அந்த நிறுவனத்துக்கு வேர்ட்பிரஸின் மத்திய களஞ்சியத்தின் வழி அடைக்கப்பட்டது. அதில் தளம் வைத்திருந்த சம்பந்தமில்லாத மக்கள் அந்தரப்பட்டார்கள். திறந்த மூலம் என்றாலும் வாசல் திறப்பு ஒருவர் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது பாடம். நமது பழைய தளத்தில் நடந்ததும் அதே பாடம்தான், அளவு மட்டும் சிறியது.

மொழி விடயத்தில் ட்ரூப்பல், ஜூம்லா கட்சிகள் சொல்வது சரி. நமக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். ட்ரூப்பலிலும் ஜூம்லாவிலும் பல மொழிகளில் உள்ளடக்கம் வைக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. வேர்ட்பிரஸில் அதற்கு பொலிலாங், டபிள்யூ.பீ.எம்.எல். போன்ற ப்ளகின் ஒன்றைப் போட வேண்டும். ஆனால் ஒபிஸில் இருந்து செய்தி போடுகிறவருக்கு வரும் திரையைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். வேர்ட்பிரஸில் தமிழ் என்று ஒன்றும், இலங்கைத் தமிழ் என்று தனியாக இன்னொன்றும் மொழித் தெரிவில் இருக்கின்றன. ஆர்வமுள்ள பிள்ளைகள் அந்த மொழிபெயர்ப்புக்கே பங்களிக்கலாம்.

பெரிய இடங்களும் ஒரே முடிவில் நிற்பதில்லை. அமெரிக்க வெள்ளை மாளிகைத் தளம் 2009 இல் ட்ரூப்பலுக்கு மாறியது, 2017 இல் அதை விட்டு வேர்ட்பிரஸுக்குப் போனது. அவுஸ்திரேலிய அரசு தன் திணைக்களங்களுக்காக ட்ரூப்பலில் ஒரு பொதுச் சேவையையே நடத்துகிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்க்கிற இடத்தில் ட்ரூப்பல் மிக நல்ல தெரிவு. நமக்கு அப்படி ஆள் இல்லை.

இந்த வாரம் நானும் ஒரு சின்ன விசாரிப்புச் செய்தேன். கருத்துக்கணிப்பு என்று பெயர் வைக்கும் அளவுக்கு இல்லை. தளம் செய்யும் நமது பழைய மாணவர்கள் சிலருக்குப் போன் எடுத்து, எது விருப்பம் என்று கேட்காமல் வேறு ஒன்றைக் கேட்டேன். "செய்த ஆள் வெளிநாடு போய்விட்டார், தளம் விழுந்துவிட்டது, திறப்பைத் தந்தால் இரண்டு நாளில் எழுப்பித் தருவீர்களா?" வேர்ட்பிரஸ் என்றதும் எல்லோரும் ஓம் என்றார்கள். ஜூம்லா என்றதும் வயதில் மூத்த ஒருவர், "முந்திச் செய்தனான், பாத்துச் சொல்றன் சேர்" என்றார். ட்ரூப்பலுக்குக் கொழும்பில் இருக்கும் ஒருவரின் பெயர் மட்டும் கிடைத்தது. ஸ்கிரீன்ஷொட் போட்ட தம்பியிடமும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சேர், நானும் அடுத்த வருசம் போறதுக்குத்தான் பாக்கிறன்" என்றார். அவரில் பிழை இல்லை. நமது ஊரின் நிலைமை அது.

ஆகவே என் கருத்து: இந்த முறை வேர்ட்பிரஸ். அது மூன்றிலும் சிறந்தது என்பதால் அல்ல. கையளிக்கவும் பொறுப்பெடுக்கவும் ஊரில் ஆள் இருக்கிறது என்பதால். ஆனால் கீழே உள்ளவற்றுக்குச் சம்மதம் இல்லை என்றால் எதில் செய்தாலும் இன்னும் நான்கு வருடத்தில் நான் இதே மன்னிப்பைத் திரும்ப எழுத வேண்டி வரும்.

1. டொமைனும் ஹோஸ்டிங்கும் பாடசாலையின் பெயரில், பாடசாலையின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். செய்கிறவரின் பெயரில் கூடாது.

2. கடவுச்சொல் மூடிய உறையில் அதிபரிடம் ஒன்று, சங்கச் செயலாளரிடம் ஒன்று. பதவி மாறும்போது உறையும் கைமாற வேண்டும், கூட்டக் குறிப்பில் எழுதப்பட வேண்டும்.

3. ப்ளகின் எத்தனை, எதற்கு என்று ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். காரணம் சொல்ல முடியாத ஒன்று இருக்கக்கூடாது.

4. மாதம் ஒரு முறை முழுத்தளத்தின் பேக்கப் பாடசாலைக் கணினி அறையில் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற வேண்டும். வருடத்தில் ஒரு தடவை அதிலிருந்து தளத்தை எழுப்பிப் பார்க்க வேண்டும். எழுப்பிப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே அல்ல.

5. சேர்ந்த காசு முழுவதையும் செய்வதற்கே கொடுத்து முடிக்காதீர்கள். பாதியைப் பராமரிப்புக்கு ஒதுக்கி வையுங்கள்.

6. ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பிள்ளைகள் இருவர் பழக வேண்டும். ஒருவர் பெண்பிள்ளையாக இருக்கட்டும். பழக்குவது என் பொறுப்பு.

ட்ரூப்பல் கேட்ட தம்பிமார் கோபிக்க வேண்டாம். உங்களில் ஒருவர் எழும்பி, "ஐந்து வருடத்துக்கு ஊரில் இருப்பேன், நான் பார்ப்பேன்" என்று சொன்னால் என் கருத்தை அந்த இடத்திலேயே மாற்றிக்கொள்கிறேன். கருத்துக்கணிப்பைக் கொண்டு வந்ததையும் நான் குறை சொல்லவில்லை. ஆதாரத்தோடு பேச வேண்டும் என்று வகுப்பில் நான்தான் சொல்லித் தந்தேன். ஆதாரத்தையும் கேள்வி கேட்க வேண்டும் என்பதை அன்று சொல்லித்தர மறந்துவிட்டேன் போல. அதை இன்று சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய ஆசிரியர்களின் படம், பரிசளிப்பு விழாப் படம், விளையாட்டுப் போட்டிப் படம், எதுவாக இருந்தாலும் வீட்டு அல்பங்களில் தேடிப் பாருங்கள். இந்த முறை மூலப்படத்தைத் தரத் தேவையில்லை. நான் போனோடு உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறேன், உங்கள் முன்னாலேயே எடுத்துக்கொண்டு போகிறேன்.

பிழை இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். இன்ஷா அல்லாஹ் வெள்ளிக்கிழமை சந்திப்போம்.